விண்டு சாக்கு

இப்போதெல்லாம் மனுஷனுக்குத் தன் மேல் படுகிற காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளக்கூட ஓர் இலாகா வேண்டியிருக்கிறது. மழை பெய்கிறதா என்று பார்க்க யாரும் கையை வெளியே நீட்டுவதில்லை. ஆபீசுக்கு ஆள் அனுப்புகிறார்கள். 'பெய்யவில்லை' என்று ஆபீஸ் சொல்லிவிட்டால் நனைந்துகொண்டே நம்புகிறார்கள். வேட்டியைப் பிழியும்போதுகூட இது வேறு ஏதோ ஈரம் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். சாலை என்ற கடைத்தெருவில் நாற்பது வருஷமாகச் சாக்குத் தைத்துவந்த குற்றாலலிங்கத்தின் அபிப்பிராயம் இது. அவருடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. அதனால் அது கெடாமல் அப்படியே இருந்தது.

அவருக்குப் படிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தன் பெயரை எழுதுவார். அதிலும் 'ற்' வருகிற இடத்தில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே போவார். இருபத்தாறு வயதில் தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தவர். அரிசி மண்டிகளின் கிழிந்த சாக்குகளுக்கு ஒட்டுப் போடுவதும் புதுச் சாக்குத் தைப்பதுமாகவே காலம் போய்விட்டது. எழுதின காகிதத்தை அவர் நம்புவதில்லை. சாக்கில் ஓட்டை இருந்தால் தூக்கின உடனே தெரிந்துவிடும். காகிதத்தில் இருக்கிற ஓட்டை, நாம் அதன் வழியாக விழுந்த பிறகுதான் தெரியும்.

அப்படிப்பட்டவருடைய கடைக்குத்தான் ஒரு நாள் காலை ஆகாச மார்க்க இலாகாவின் குமாஸ்தா தாசையன் கையில் ஒரு காகிதத்துடன் வந்து நின்றார். சங்குமுகம் கடற்கரையை ஒட்டி மணலைச் சமப்படுத்தி, புல் வளர்த்து, விமானம் இறங்குவதற்கு ஒரு மைதானம் போட்டிருந்தார்கள். கடலோரமாகத் தெற்கு வடக்காக நீளும் ஒற்றைப் பாதை. மாதத்துக்கு ஒரு விமானம் வந்தால் அதிகம். அதை வரவேற்க முப்பத்தொரு பேர் கொண்ட இலாகா.

"அண்ணாச்சி, சர்க்காருக்கு ஒரு சாக்கு வேணும். விண்டு சாக்கு" என்றார் தாசையன்.

"நெல்லுச் சாக்கு உண்டு, உப்புச் சாக்கு உண்டு, கருப்பட்டிச் சாக்கு உண்டு. அதென்னவே விண்டு சாக்கு? பிச்சு விண்டு வச்ச சாக்கா?"

"விண்டுன்னா இங்கிலீசுல காத்து, பாத்துக்கிடும்."

"காத்தைச் சாக்குல பிடிச்சு யாருக்குவே விக்கப் போறீங்க?"

காகிதத்தில் ஆங்கிலத்தில் இருந்தது காலுறைக்கு உண்டான வார்த்தை. உயரமான கம்பத்தின் உச்சியில் கட்டுகிற துணிக்குழல் அது. வாய் அகலமாகவும் வால் குறுகலாகவும் இருக்கும். காற்று வாய் வழியே புகுந்து வால் வழியே போகும்; காற்று போகிற பக்கம் வால் நீளும். அதைப் பார்த்துத்தான் மேலே இருக்கிற விமானி காற்றுக்கு எதிர்முகமாக இறங்குவார். இலாகா முதலில் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஜவுளிக் கடையில் ஒரு ஜோடி காலுறை வாங்கி, ஒன்றைக் கம்பத்தில் கட்டி, மற்றதைக் கையிருப்பில் வைத்தது. கம்பத்திலிருந்ததைக் காகம் கொண்டுபோயிற்று. கையிருப்பில் இருந்ததை யார் கொண்டுபோனார் என்பது குறித்து ஒரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. அதன் பிறகு கூடி யோசித்து, 'ஸாக்' என்பது காலுறையாக இருக்க முடியாது, சாக்காகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். இலாகாக்கள் சில சமயம் தப்பான வழியில் நடந்து சரியான வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

தாசையன் காட்டின படத்தைப் பார்த்துக் குற்றாலலிங்கம் கித்தான் துணியில் நாலே நாளில் தைத்துக் கொடுத்தார். நல்ல தையல். இழுத்தால் துணி கிழியும், தையல் பிரியாது.

இலாகாவின் சூப்பிரண்டு வலியசாலை பஞ்சாபகேசய்யர் அதை வாங்கி உள்ளே கையை விட்டார். கை மறுபக்கம் வெளியே வந்தது. அவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"என்னய்யா இது? அடியே இல்லையே! அடியில்லாத ஒண்ணைச் சாக்குன்னு நான் எப்படி ரிஜிஸ்தர்லே ஏத்தறது?"

"அடியைத் தச்சா காத்து வெளிய போகாதே சாமி."

"போகப்படாதுங்கறேன்! சர்க்கார் சாக்குக்குள்ளே வந்த சரக்கு கணக்கில்லாம வெளியே போகலாமோ? ஸ்டோர் விதி அப்படி இல்லையே."

இரண்டு நாள் வாதத்துக்குப் பிறகு ஒரு வழி பிறந்தது. அடியைத் தைத்து, முத்திரை குத்தி, சாக்கு என்று ரிஜிஸ்தரில் ஏற்றுவது. பிறகு அடியைப் பிரித்து, 'பழுதடைந்தது' என்று எழுதிக் கம்பத்தில் கட்டுவது. மாதாமாதம் ஸ்டோர் பரிசோதனை வரும்போது இறக்கி அடியைத் தைப்பது. பரிசோதகர் போனதும் பிரிப்பது. இதற்கு ஓர் ஆள் வேண்டும். அப்படித்தான் குற்றாலலிங்கம் அறுபத்தாறு வயதில் சர்க்கார் சேவகரானார். மார்பில் குத்திக்கொள்ளப் பித்தளை வில்லை கொடுத்தார்கள். அவர் மனைவி முத்தாரம்மாள் அதைத் தினமும் புளி போட்டுத் தேய்த்தாள். புருஷனை விட அது பளபளப்பாக இருந்தது.

மைதானம் திறந்து ஒரு வருஷம் நிறைந்த நாளை விழாவாகக் கொண்டாடத் தீர்மானமாயிற்று. மீன மாசத்து வெயில். பாதைக்குக் கிழக்கே பந்தல். பந்தலின் நடுவில் இலாகாத் தலைவர் கோவிந்தக்குட்டி மேனோனுக்குச் சிவப்பு மெத்தை போட்ட நாற்காலி. மேற்கே கடல். மத்தியானம் திரும்பினதும் அந்தக் கரையில் காற்று எங்கிருந்து வரும் என்பது அங்கே வலை உலர்த்துகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். கடலிலிருந்து வரும். அன்றும் வந்தது. சாக்கு நன்றாக ஊதிக்கொண்டு, கிழக்கே, மிகச் சரியாகச் சிவப்பு நாற்காலியைப் பார்த்து வாலை நீட்டியது.

மேனோன் வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தார். "அது எந்தா என்னெ நோக்கி வாலு நீட்டுந்நது?" என்று மலையாளத்தில் கேட்டார். சும்மா கேட்டாரோ, கோபமாகக் கேட்டாரோ தெரியாது. பக்கத்தில் நின்ற பஞ்சாபகேசய்யர் அதற்குள் பாதி மைதானம் ஓடிவிட்டார்.

"லிங்கம்! அந்த வாலைத் திருப்பு!"

"காத்து திரும்பினாத்தான் அது திரும்பும். நான் சாக்கைத்தான் தச்சேன். காத்தைத் தைக்கலியே சாமி."

"பெரியவா உக்காந்திருக்கற பக்கம் வாலைக் காட்டப்படாதுன்னு காத்துக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமோல்லியோ? இழுத்துக் கட்டு."

"எந்தப் பக்கம்?"

அய்யர் யோசித்தார். வடக்கே மேலாபீஸ். மேற்கே திருப்பினால் கடற்காற்றே வாலில் நுழையும். அது பார்க்க நன்றாக இராது. "தெக்கே கட்டு. தெக்கே யமதர்மன் ஒருத்தன்தான். அவனுக்கு நம்ம இலாகாவிலே உத்தியோகம் இல்லை."

"விமானம் வருதுல்லா சாமி? மேல இருக்கவன் இதைப் பாத்துத்தானே இறங்குவான்?"

"அவன் இறங்கறவன். நாங்க உக்காந்திருக்கறவா. யாருக்கு மரியாதை முக்கியம்?"

"அப்ப ஒரு துண்டுக் காகிதத்துல எழுதிக் குடுத்துருங்க."

"வாய் உத்தரவு போறும். காரியம் நல்லபடியா நடந்தா எழுத்தே வேண்டாம். நடக்காட்டா எழுத்து இருக்கவே கூடாது. முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு, சொல்லிப்பிட்டேன்."

குற்றாலலிங்கம் கம்பத்தில் ஏறி, சாக்குக்குள் ஒரு மூங்கிலைச் செருகி, கொச்சக் கயிற்றால் தெற்கே இழுத்துக் கட்டினார். அவர் கட்டு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்று விலாவில் மோதி மோதிப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிற்று. சாக்கு அசையவில்லை.

நாலு மணிக்கு விமானம் தெரிந்தது. இரட்டை இறக்கை வைத்த சின்ன விமானம். மதுரையிலிருந்து மேனோனுக்கு ஒரு மல்லிகை மாலை கொண்டுவந்தது. ஓட்டி வந்தவர் நாகர்கோவில் ராஜமணி. இருபத்தாறு வயது, நல்ல தைரியசாலி, சர்க்கார் மேல் நம்பிக்கை உள்ளவர். சாக்கின் வால் தெற்கே இருப்பதைப் பார்த்தார். அப்படியானால் காற்று வடக்கேயிருந்து. தெற்குக் கோடியிலிருந்து வடக்கே பார்த்து இறங்கினார்.

தரைக்கு ஓர் ஆள் உயரம் இருக்கும்போது கடற்காற்று இடது பக்கமாக வந்து விமானத்தை ஒரு தள்ளுத் தள்ளியது. ஊசியால் குத்தின கோணி மாதிரி அது ஒரு பக்கம் சாய்ந்தது. பாதையை விட்டு வலப்புறம், பந்தலை நோக்கி நகர்ந்தது. சக்கரம் தரையில் குறுக்காகப் பட்டு, வலது சக்கரம் ஒடிந்து, வலது இறக்கை மண்ணைக் கீறியது. பந்தலில் இருந்தவர்கள் இலாகா ஏற்பட்ட நாளிலிருந்து காட்டாத சுறுசுறுப்பைக் காட்டினார்கள். மேனோன் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விமானம் புழுதியோடு ஒரு சுற்றுச் சுற்றிக் காற்றைப் பார்த்துத் திரும்பி நின்றது. மூக்கு கடலுக்கு. வால் சிவப்பு நாற்காலிக்கு. கட்டாமல் விட்டிருந்தால் சாக்கு எப்படி நின்றிருக்குமோ அச்சு அசல் அப்படி.

முன் இருக்கையில் இருந்த மாலை பறந்து போய், ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த ஓர் எருமையின் கழுத்தில் விழுந்தது. எருமை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு எட்டின வரைக்கும் தின்றது.

ராஜமணி மூக்கில் ரத்தத்தோடு இறங்கி வந்தார். குற்றாலலிங்கம்தான் முதலில் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டார்.

"பெரியவரே, சாக்கு தெக்கேல்லா பாக்குது?"

"ஆமா தம்பி."

"காத்து மேக்கே இருந்துல்லா அடிக்குது!"

"ஆமா."

"பின்ன ஏன் அது அப்படி?"

"மரியாதை" என்றார் குற்றாலலிங்கம்.

மூன்றாம் நாள் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பஞ்சாபகேசய்யர் ஒரு காகிதத்தை நீட்டிப் பேனாவையும் கொடுத்தார். "வந்துட்டயா? கீழே கையெழுத்துப் போடு."

"என்ன சாமி எழுதியிருக்கு?"

"நடந்ததுதான்."

"நடந்ததுதான் எனக்குத் தெரியுமே. தெரிஞ்ச சங்கதிக்கு எதுக்குக் கையெழுத்து?"

அய்யர் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்துத் தாசையன் குனிந்தார். "அண்ணாச்சி, போட்டுராதேயும். 'காற்றுப்பையை என்னிஷ்டப்படி கட்டினேன்'னு இருக்கு. கமிஷன் போட்டாச்சு. இதுல உம்ம பேரு விழுந்தா பூஜப்புரை செயிலு. மூணு வருசம்."

குற்றாலலிங்கம் பேனாவை மேசையில் வைத்தார். திரும்பி வந்த அய்யரிடம், "கமிஷன்லயே வாயால சொல்லுதேன் சாமி. வாய் உத்தரவுக்கு வாய் பதிலு" என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னபோது தைரியமாகத்தான் இருந்தது. சாலைக்கு நடந்து வரும்போது விரல் விட்டு வருஷத்தை எண்ணிப் பார்த்தார். மூன்று வருஷம் என்றால் அவருக்கு அறுபத்தொன்பது. பூஜப்புரைக்குள் அறுபத்தாறு போகும், அறுபத்தொன்பது வருமா?

முத்தாரம்மாள் விஷயத்தைக் கேட்டு அழவில்லை. "செயில்ல சாக்குத் தைக்கிற வேலையும் உண்டுமாம். ஊசியைக் கொண்டு போலாமான்னு கேட்டு வச்சுக்கிடுங்க. அவுக குடுக்க ஊசி உங்க கைக்கு ஆவாது" என்றாள். அப்புறம் வெற்றிலைச் செல்லத்தை எடுத்து, காலி பண்ணி, துடைத்து, மூன்று வருஷத்துக்குக் காணுகிற மாதிரி பாக்கை அமுக்கி அமுக்கி அடைத்தாள். மூடி மூடவில்லை.

கமிஷன் மைதானத்து ஆபீஸ் கூடத்திலேயே கூடியது. தலைவர் கோவிந்தக்குட்டி மேனோன். சம்பவத்தை நேரில் பார்த்தவர் ஆனதால் அவரை விடத் தகுதியானவர் கிடையாது என்று உத்தரவில் இருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தது அதில் இல்லை. கூட இரண்டு அங்கத்தினர்கள். ஒருவர் தலையை மேலும் கீழும் ஆட்டுவார். மற்றவருக்குக் காது கேட்காது, அதனால் பாரபட்சமற்றவர் என்று பெயர்.

முதல் நாள் முழுவதும் காற்று என்று ஒன்று உண்டா என்பதை விசாரித்தார்கள். மேலே பங்கா ஆடியதில் காகிதங்கள் பறந்தன. இப்படிச் சாட்சியத்தில் காற்று தலையிடுவது முறையல்ல என்று பங்காவை நிறுத்தினார்கள். ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்தது. விசாரணைக்குட்பட்டவர் அனுமதியில்லாமல் உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல்களைச் சாத்தினார்கள். சாயங்காலம் எல்லாரும் வேர்த்து வடிந்து, 'கூடத்தில் காற்று இருந்ததற்கு அறிகுறி எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கலைந்தார்கள்.

இரண்டாம் நாள் ராஜமணி.

"இறங்ஙும்போள் கடலைப் பார்த்தீரா?" என்று மேனோன் கேட்டார்.

"பார்த்தேன் சார். நுரை மேற்கேயிருந்து வந்துகொண்டிருந்தது."

"சாக்கைப் பார்த்தீரா?"

"அதையும் பார்த்தேன்."

"ரெண்டும் ரெண்டு விதமாயிட்டுச் சொல்லுமல்லோ. எதை நம்பினீர்?"

"சர்க்கார் சாக்கை நம்பினேன் சார்."

"கடலை நம்பியிருந்நால்?"

"காற்றுப் பக்கம் சாய்த்து இறக்கியிருப்பேன். விழுந்திருக்க மாட்டேன்."

தலையாட்டும் அங்கத்தினர் சந்தோஷத்தோடு ஆட்டினார். 'சாட்சி சர்க்காரிடம் நம்பிக்கை உள்ளவர்' என்று குறித்துக்கொண்டார்கள். மத்தியானம் எருமையை விசாரித்தார்கள். தலைவருக்கு என்று வந்த மாலையைப் பெற்றுக்கொள்ள அதற்கு அதிகாரம் உண்டா என்பது கேள்வி. எருமை ஜன்னலுக்கு வெளியே நின்றது. மறுப்பு எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பஞ்சாபகேசய்யர் எழுந்து நின்று, அங்கவஸ்திரத்தைச் சரிபண்ணிக்கொண்டு பேசினார்.

"நம்ம இலாகா ஏற்பட்டு ஒரு வருஷமாச்சு. இந்த ஒரு வருஷத்திலே எட்டாயிரத்து நானூறு கடிதாசு எழுதியிருக்கோம். அதிலே ஒண்ணாவது விழுந்துதா? உடைஞ்சுதா? விமானம் வந்தது பதினொண்ணு. அதிலே ஒண்ணு விழுந்துடுத்து. ஆக, தப்பு எங்கே இருக்குன்னு கமிஷனுக்கே தெரியும். விமானம் வராம இருக்கறவரைக்கும் இந்த மைதானத்திலே ஒரு விபத்து கிடையாது. நான் அன்னிக்குச் செய்ததெல்லாம் பெரியவாளுக்கு மரியாதைக் குறைவு வந்துடப்படாதேன்னு கவலைப்பட்டதுதான். சாக்கைக் கட்டினது யார்னா, கயித்தைத் தொட்ட கை எவன் கையோ அவன்தான். என் கையை வேணும்னா பாருங்கோ. கயித்துத் தழும்பு உண்டா? முப்பது வருஷ சர்வீஸிலே நான் எதையும் தொட்டதே கிடையாது."

கையை நீட்டிக் காட்டினார். உண்மைதான். வெண்ணெய் மாதிரி இருந்தது.

பிறகு குற்றாலலிங்கத்தைக் கூப்பிட்டார்கள். வில்லையைக் குத்திக்கொண்டு, மூடாத வெற்றிலைச் செல்லத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அவர் கையை யாரும் பார்க்கவே வேண்டாம். கயிற்றுத் தழும்பு மேல் தழும்பாகப் பாதி விரல் தேய்ந்திருந்தது. மேனோன் அதைப் பார்த்துத் திருப்தியடைந்தார். இனி ஒரே ஒரு கேள்விதான். சுற்றி வளைக்காமல் மலையாளத்திலேயே கேட்டார்:

"இதினு உத்தரவாதி ஆராணு?"

தாசையன் மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். மேனோன் கையமர்த்தினார். "வேண்டா. நால்பது வருஷமாயி இவிடெ உள்ள ஆளல்லே, மலையாளம் அறியும்."

குற்றாலலிங்கத்துக்கு மலையாளம் தெரியும்தான். ஆனால் அது கடைத்தெருவில் பேரம் பேசுகிற மலையாளம். 'உத்தரவாதி' என்றால் பொறுப்பாளி என்பது கச்சேரி மலையாளம். அந்தச் சரக்கு சாக்குக் கடைக்கு வந்ததில்லை. அவர் அந்த வார்த்தையைத் தையல் பிரிக்கிற மாதிரிப் பிரித்துப் பார்த்தார். உத்தரவு. ஆதி. உத்தரவுக்கு ஆதி யார்? பரவாயில்லையே, நியாயமான கேள்விதான் கேட்கிறார்கள் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"உத்தரவு எனக்கு வந்தது அய்யர் சாமி கிட்ட இருந்து எசமான். ஆனா ஆதின்னு கேட்டா, ஆதி அவுக இல்ல."

பஞ்சாபகேசய்யர் மூச்சு விட்டார்.

"அவுக பந்தல்ல இருந்து ஓடியாந்தாக. அங்க சிவப்பு நாக்காலியில இருந்தபடிக்கு எசமான் கேட்டீகள்லா, 'அது எந்தா என்னெ நோக்கி வாலு நீட்டுந்நது'ன்னு? காத்து உங்க பக்கத்துல இருந்து அடிக்கல, ஆனாலும் அந்த வார்த்தை கம்பம் வரைக்கும் கேட்டுது. அங்க புறப்பட்டதுதான் உத்தரவு. உத்தரவு ஆதி நீங்கதான் எசமான்."

காது கேட்காத அங்கத்தினர், "என்ன சொன்னான்?" என்றார். தாசையன் எழுதிக்கொண்டே போனார். அவருக்கு இட்ட வேலை, சொன்னதைச் சொன்னபடி எழுதுவது.

"எந்து எழுதி?" என்றார் மேனோன்.

தாசையன் வாசித்தார்: "'உத்தரவாதி: கமிஷன் தலைவர் அவர்கள்.'"

"அது வெட்டு."

"வெட்டக் கூடாது சார். ஒன்பதாம் விதி. சாட்சி சொன்னதை யாராவது வெட்டினால், வெட்டியவரை விசாரிக்க இன்னொரு கமிஷன் போட வேண்டும்."

"அந்த விதி எழுதினது ஆரு?"

"தாங்கள்தான் சார்."

மேனோன் குற்றாலலிங்கத்தைப் பார்த்தார். குற்றாலலிங்கம் எந்தக் கள்ளமும் இல்லாமல் திருப்பிப் பார்த்தார். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டோம், இதற்கு மேல் என்ன என்பது போல. கமிஷன் ஒரு வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்த ஒரு வாரம் முத்தாரம்மாள் செல்லத்தைத் தொடவுமில்லை, பாக்கை வெளியே எடுக்கவுமில்லை. வீட்டில் இருந்த பாக்கு முழுக்க அதற்குள் போய்விட்டதால் குற்றாலலிங்கம் வெறும் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

எட்டாம் நாள் அறிக்கையைத் தாசையன் உரக்க வாசித்தார். நாற்பது பக்கம். சாரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

"'காற்றுப்பை சர்க்கார் உடைமை. காற்று சர்க்கார் உடைமை அல்ல. இரண்டின் வாக்கும் முரண்படும்போது சர்க்கார் உடைமையின் வாக்கையே ஏற்பது முறை. காற்றுப்பை தெற்கே காட்டியது. ஆகவே காற்று வடக்கேயிருந்து அடித்தது. ஆகவே விமானத்துக்குக் குறுக்கே காற்று அடிக்கவில்லை. குறுக்கே காற்று அடிக்காத விமானம் விழுவதற்குக் காரணம் இல்லை. காரணமில்லாத ஒன்று நடந்ததாக இந்தக் கமிஷன் ஒப்புக்கொள்ள இயலாது. ஆகவே விமானம் விழவில்லை. முறைப்படி இறங்கி, சற்று ஓய்வெடுத்தது. விழாத விமானத்துக்கு உத்தரவாதி தேவையில்லை. தலைவருக்கு வால் காட்டி நின்றதற்காக விமானி எச்சரிக்கப்படுகிறார். எருமை மாலையைத் தலைவர் சார்பில் பெற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.'"

எல்லாரும் எழுந்து கைகுலுக்கிக்கொண்டார்கள். ராஜமணி மூக்குக் கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டார், கட்டு இருந்தது. அடியில் மூக்கும் இருந்தது.

"உமக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வீட்டுக்குப் போகலாம்" என்றார் தாசையன். "நிம்மதியா இருக்கும்லா?"

குற்றாலலிங்கம் அந்த நாற்பது பக்கத்தையும் கையில் வாங்கி, ஒரு சாக்கின் கனத்தைப் பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தார். "நாப்பது வருசமாத் தைக்கேன்வே. இத்தாம் பெரிய சாக்கு என்னால தைக்க முடிஞ்சதில்ல. அடியே கிடையாது, ஆனா ஒண்ணும் வெளிய சிந்தல பாத்தீரா?"

பஞ்சாபகேசய்யர் வெகு உற்சாகமாக வந்தார். "லிங்கம், உன் கட்டு ரொம்ப நன்னாயிருந்ததுன்னு கமிஷனுக்கு அபிப்பிராயம். இனிமே சாக்கு எப்பவும் கட்டித்தான் இருக்கணும்னு உத்தரவு ஆயிருக்கு. மாசத்துக்கு ஒரு திசை. அட்டவணை நான் போட்டுத் தரேன். காத்து தாறுமாறா நடந்துக்கறதுக்கு இனி இடமே இல்லை."

"இந்தத் தடவை எழுத்துல தருவீகளா சாமி?"

"எழுத்திலேயே தரேன்."

"அப்ப நெசமாவே தப்பாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, குற்றாலலிங்கம் மார்பிலிருந்த பித்தளை வில்லையைக் கழற்றி மேசையில் வைத்தார். முத்தாரம்மாள் அன்று காலையில்தான் தேய்த்திருந்தாள். சத்தம் போட்டுக்கொண்டு உருண்டு நின்றது. "என் ஊசி அரிசி மண்டிக்குப் போதும். அங்க சாக்கு எந்தப் பக்கம் சாஞ்சாலும் அரிசி யாருக்கும் மரியாதை குடுக்காது."

வெளியே வந்தார். மத்தியானம் திரும்பிவிட்டிருந்தது. கடலில் நுரை ஏறியிருந்தது. ஒடிந்த விமானத்தை நாலு பேர் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அது விழவில்லை என்று அவர்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கம்பத்தின் மேலே சாக்கு, அவர் கட்டின கட்டு துளியும் தளராமல், தெற்கே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் தோளில் கிடந்த துண்டு படபடவென்று எழும்பிக் கிழக்கே பறந்தது.

"ஓய்!" என்று வாசலிலிருந்து பஞ்சாபகேசய்யர் கூப்பிட்டார். "அந்தத் துண்டைப் பிடிச்சுக்கோ! கமிஷன் தீர்ப்புக்கு விரோதமாப் பறக்கறது!"

குற்றாலலிங்கம் நின்று துண்டைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். அய்யரையும் பார்த்தார்.

"இது என் துண்டு சாமி. சர்க்கார் துண்டு இல்ல."

கக்கத்தில் இடுக்கியிருந்த செல்லத்தின் மூடியை ஒரு விரலால் தூக்கி, மூன்று வருஷத்துப் பாக்கிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கிழக்கே சாலைப் பக்கம் பார்த்து நடந்தார். வடக்கேயிருந்து அடிக்கிற காற்று அவர் முதுகை மேற்கேயிருந்து தள்ளிக்கொண்டே வந்தது.